கடற்கொள்ளையரிடமிருந்து மீண்ட மாப்பிள்ளையோடு கொடுமுடிக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோவை விமான நிலையத்திலிருந்து நேராகக் கொடுமுடிக்குக் காரில் போனோம். என் தங்கை சுமதியின் வேண்டுதல் அது. அவள் கணவர் செந்தில் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் கொள்ளையர்கள் கப்பலில் ஏறி, அவரையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் டிவியில் மண்டையோட்டுக் கொடியைக் காட்டினார்கள். சுமதி ஒயரையே பிடுங்கிப் போட்டாள். பிறகுதான் அவரை விட்டுவிட்டார்கள் என்று போன் வந்தது.

காலை 8.40க்கு விமானம் இறங்கியது. செந்தில் பாதி உடம்பாக வெளியே வந்தார். சுமதி அழவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஊட்டுக்குப் போலாங்களா, இல்ல நேரா கோயிலுக்கா?"

"கோயிலுக்கே போயரலாம் அம்மணி. ஊட்டுல கூட்டமா இருக்கும்."

வாடகைக் கார், போய்வர 4,800 ரூபாய். போக மட்டும் நூற்றுப் பத்து கிலோமீட்டர் இருக்கும். டிரைவர் பெயர் மயில்சாமி. கருமத்தம்பட்டி தாண்டும்போது, மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு சுங்கச்சாவடியில் எங்கள் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. ஊழியர் வந்து கண்ணாடியைத் தட்டினார். செந்தில் சட்டென்று குனிந்து தலைக்குமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கார் நகர்ந்த பிறகும் நிமிரவில்லை. இப்படியே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

பெருந்துறைக்குச் சற்று முன்னால் டிபனுக்கு நிறுத்தினோம். அந்த ஓட்டல் வாசலில், ஐயோ, ஆளுயரக் கடற்கொள்ளையன் பொம்மை. ஒரு கண்ணில் கறுப்புத் துணி, கையில் வாள். மயில்சாமிக்கு நடந்தது எதுவும் தெரியாது.

"ஏனுங்க, கப்பல்ல வேலைன்னீங்களே, நெசமாலுமே இவனுக இப்படித்தான் இருப்பானுகளா?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் செந்தில் பொம்மையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்லீங்க. எங்களப் புடிச்சுட்டுப் போனவனுக பனியனும் டவுசருந்தான். கால்ல செருப்புகூட இல்ல. ஒருத்தனுக்குப் பல்வலி. துப்பாக்கிய மடியில வெச்சுட்டு அழுவான்."

மயில்சாமி முகம் சுண்டிப் போயிற்று. "மன்னிச்சுக்குங்க. தெரியாம கேட்டுப்போட்டேன்."

"அதனாலென்னங்க. இவன் பரவால்ல, பாக்க லட்சணமா இருக்கறான்." என் பக்கம் திரும்பினார். "மச்சான், ஒரு போட்டோ எடுங்க."

பொம்மையின் தோளில் கைபோட்டு நின்றார். சுமதி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் பசித்தது. ரெண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

சென்னிமலை வழியாகக் கொடுமுடி போய்ச் சேர்வதற்குள் உச்சிவேளை தாண்டி, நடை சாத்திவிட்டார்கள். காவிரிக்கு இறங்கினோம். செந்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நேரே தண்ணீருக்குள் போனார்.

"ஏனுங்க, உள்ள போவாதீங்க."

"நல்ல தண்ணி அம்மணி. அங்க அவனுக குளிக்கவே உடல."

மூன்று முழுக்குப் போட்டார். சுமதி சேலையோடு இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடியும் கப்பலுக்குப் போவீங்களா?"

"உங்கிட்டக் கேக்காமப் போமாட்டேன்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"அப்பப் போகல."

சாயங்காலம் நடை திறந்ததும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

போகிறவர்களுக்கு: பகலில் வெகுநேரம் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். படித்துறையை ஒட்டியே குளியுங்கள், ஆற்றில் இழுப்பு உண்டு. மாற்றுத்துணி அவசியம், நாங்கள் மறந்துவிட்டோம். இப்படி மீண்டு வந்தவரை அழைத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று: நீங்களாக எதையும் கேட்காதீர்கள். அவர் சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் போதும்.

திரும்பும் வழியில், சென்னிமலைக்கு முன்பே செந்தில் தூங்கிவிட்டார். பெருந்துறையில் அவர்கள் வீட்டு வாசலில் சொந்தபந்தம் எல்லாம் மாலையோடு நின்றது. சுமதி கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"தூங்கறாருங்க. சத்தம் போடாதீங்க."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மயில்சாமி ஏசியை அணைக்காமல் இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். செந்தில் எழுந்திருக்கும்வரை நாங்களும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.