முன்னால் விழுந்த காசு

காசு போடும் ஓட்டைக்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரூபாய் போனுக்கு வரிசையில் நின்றபோதுதான். எதிர்முனையில் எடுத்த பிறகு காசு போட்டால்தான் அந்தப் போனில் நம் குரல் போகும். முன்னாலேயே போட்டால் விழுங்கிவிட்டு ஊமையாக நிற்கும்.

எனக்கு முன்னால் நின்ற கூமாப்பட்டிப் பெண், மகளுக்கு ரத்தம் கொடுக்க, ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்த புருஷனைக் கூப்பிட வந்தவள். இருந்த காசை முதலிலேயே போட்டுவிட்டாள். மில்லில் எடுத்தவர் "யாரு? யாரு?" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. இவள் கதறியது அவருக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

"ஏட்டி, உண்டியல்னு நெனச்சியா?" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. விவரம் தெரிந்த நானும் சிரித்தேன்.

"சாமிகிட்டயும் போட்டுட்டுத்தானய்யா கேக்கோம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் என் காசைக் கொடுத்து, எப்போது போட வேண்டும் என்று சொன்னேன்.

"ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தாம்மா கேட்டைத் தாண்டுனான்" என்றார் மில்லில் மறுபடி எடுத்தவர்.

அவள் ரிசீவரை என்னிடம் நீட்டினாள். நான் யாரைக் கூப்பிட வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

விடிந்ததும் சிவப்புப் பெயிண்டோடு வந்து, ஓட்டைக்கு மேல் நானே எழுதுவது என்று முடிவு செய்தேன்: 'குரல் கேட்ட பிறகு காசு.'