முதல் கோல் வீட்டம்மா

உள்ளறையிலிருந்து "கோல்!" என்று ஒரு கத்தல். கூடவே கைத்தடி தரையில் 'டங்'கென்று இடிக்கும் ஓசை. பிறகு ஒரு நீண்ட இருமல். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து: "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே..."

கூடத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்தாள். காலையிலிருந்து இதே கூத்து. கால்பந்து கிளப்பின் மைதானத்துக்குப் பொன்விழா. அதன் சுவரில் கல்வெட்டு பதிக்கப்போகிறார்கள்: 'இம்மண்ணில் முதல் கோல் அடித்தவர்' என்று அவளுடைய கணவரின் பெயரைப் போட்டு. அதற்குத்தான் உள்ளே ஒத்திகை.

ஊரில் அவருக்குப் பேரே 'முதல் கோல்'தான். தபால்காரர்கூட "முதல் கோல் சார்!" என்றுதான் வாசலில் குரல் கொடுப்பார். அவள் முதல் கோல் வீட்டம்மா. காய்கறிக் கடையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் அதே பேர்.

ஆனால் அந்த முதல் கோலை அடித்தவளே அவள்தான்! இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்க முடியுமா?

அந்த இடம் முன்பு செங்கல் சூளைக்காக மண் தோண்டிய பெரும்பள்ளம். கிளப் அதை வாங்கி, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பி, மேலே புல் வளர்த்து, சுற்றிலும் கேலரி எழுப்பியது. நேற்று கொட்டிய மண்மேல் நிற்கும் கேலரி தாங்குமா என்று அதைக் கட்டிய இன்ஜினியருக்கே சந்தேகம். ஆளை ஏற்றிப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார். டிக்கெட் வாங்கும் பெரிய மனிதர்களை ஏற்றிப் பார்ப்பார்களா? பக்கத்திலிருந்த பிஸ்கட் ஃபேக்டரித் தொழிலாளிகளை அழைத்துவந்து மூட்டைகளைப்போல் வரிசையாக உட்கார வைத்தார்கள். சும்மா உட்கார்ந்தால் போதாது, எழுந்து குதிக்க வேண்டும். குதிக்க வைக்க ஓர் ஆட்டம் வேண்டும். புதுப் புல்லில் கால் பிசகிவிடும் என்று கிளப் வீரர்கள் நழுவிவிட்டார்கள். அதனால் ஃபேக்டரிப் பெண்களைத் தரையில் இறக்கினார்கள். பேக்கிங் பிரிவுக்கும் அடுப்புப் பிரிவுக்கும் ஆட்டம்.

பேக்கிங் பிரிவில் அவள். தம்பியின் கால்சட்டையை இடுப்பில் ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு ஓடினாள். அடுப்புப் பிரிவின் கோல்கீப்பர் பாய்ந்து விழ, இவள் உதைத்த பந்து அந்தக் கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் சிக்கியது. கேலரியே எழுந்து குதித்தது. கேலரி தாங்கியது. இன்ஜினியர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் திறப்பு விழா. கிளப் வீரன் ஒருவன் கோல் அடித்தான். "இந்த மைதானத்தின் முதல் கோல்!" என்று ஒலிபெருக்கி அலறியது. கூட்டத்தில் நின்ற அவள் சிரித்தாள். தெரியாமல் சொல்கிறார்கள், திருத்திவிடுவார்கள் என்று நினைத்தாள். பாவிப் பெண்!

அந்த வீரன் சில மாதம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தான். "சோதனை ஆட்டத்தன்னைக்கு நானும் கேலரியில இருந்தேன். உங்க பொண்ணு அடிச்ச கோலைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்று அவள் அப்பாவிடம் சொன்னான். அப்பா உருகினார். அவளும் உருகினாள். கல்யாணம் ஆனது.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்தே ஐம்பது வருஷமாக அந்தப் பட்டத்தைச் சுமந்து திரிகிறார்! அவள் முதலில் கேலியாகச் சொன்னாள். பிறகு கோபமாகச் சொன்னாள். "அது சும்மா சோதனைக்குத்தானே, அதெல்லாம் கணக்குல வராது" என்று அவர் சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். அந்தச் சோதனைக்காகச் சேர்த்த பெண்கள் அணிகளையும் அப்போதே கலைத்துவிட்டார்கள். கேலரிதான் நின்றுவிட்டதே, இனி அவர்கள் எதற்கு?

திறந்திருந்த கதவு தட்டப்பட்டது. கிளப்பின் செயலாளர். நாற்பது வயது, பளபளக்கும் ஷூ, கையில் அழைப்பிதழ். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, வணக்கம். கல்வெட்டுத் திரையை நீங்கதான் விலக்கணும். ரெண்டு வார்த்தையும் பேசணும். 'அன்னைக்கு நான் கேலரியில உட்கார்ந்து அவர் ஆட்டத்தைப் பார்த்தேன், மனசைப் பறிகொடுத்தேன்'னு சொல்லுங்க. ஜனங்க அழுதுடுவாங்க."

மெஷின் நின்றது.

"கேலரியில உட்கார்ந்து மனசைப் பறிகொடுத்தது நான் இல்ல தம்பி. உள்ள ஒருத்தர் இருமிக்கிட்டு இருக்காரே, அவரு. கோல் அடிச்சது நான்."

செயலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"அது... சோதனை ஆட்டம்மா. அதிகாரபூர்வமா அது கணக்குல வராது."

"ஓஹோ! அன்னைக்கு அந்தக் கேலரி இடிஞ்சு விழுந்து எங்க ஆளுங்க செத்திருந்தா, அந்தச் சாவும் கணக்குல வந்திருக்காதா?"

செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சரி, ஒண்ணு செய்யலாம். பெண்கள் கழிப்பறைக்குப் போற வழியில ஒரு சின்னப் பலகை..."

"அதைக் கொண்டுபோய் உன் வீட்டுக் கழிப்பறையில மாட்டு!"

அறை வாசலில் கைத்தடி ஓசை. முதல் கோல் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றார் செயலாளர், பிடித்துக்கொள்ளக் கிளை கிடைத்தவர்போல.

கிழவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"அவ சொல்றது நிஜம். தலைக்கு மேல போன பந்து. அந்த மாதிரி ஒண்ணு நான் ஜென்மத்துல அடிச்சதில்ல." செயலாளர் பக்கம் திரும்பினார். "நான் விழாவுக்கு வரல தம்பி. கல்வெட்டு வேண்டாம்."

அவள் மனம் இளகியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கொதித்தது!

"வராம வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா? இத்தனை வருஷம் மாலை போட்டுக்கிட்டது ஊருக்கு முன்னால. ஒத்துக்கிறது மட்டும் எனக்கும் இந்தத் தையல் மெஷினுக்கும் முன்னாலயா? போங்க. போய் மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க."

"எல்லாரும் சிரிப்பாங்கடி..."

"என்னைப் பார்த்து நீங்க சிரிச்சீங்களே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கிழவர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"சொல்றேன்" என்றார்.

செயலாளர் துள்ளி எழுந்தார். "ஐயா, நிகழ்ச்சியில பேச்சே வேண்டாம். நேரம் பத்தாது. நீங்க வந்து நின்னாப் போதும்."

"மைக் குடுக்கலேன்னா கத்துவேன். கோல்னு ஐம்பது வருஷமா கத்திப் பழகின தொண்டை இது" என்றார் கிழவர்.

"அம்மா, விழாவைக் கெடுத்துடாதீங்க. கல்லு செதுக்கியாச்சு."

"செதுக்கின கைக்கு இன்னொரு கல்லைக் குடுங்க. சோதனை ஆட்டத்துல நான் அடிச்ச முதல் கோலையும், அன்னைக்கு ஓடின பொண்ணுங்க பேரையும் போடுங்க. அப்போ வந்து திரையை விலக்கறேன்."

"கமிட்டியில பேசணும்."

"பேசுங்க. எங்க ஆளுங்களை மூட்டையா உட்காரவச்ச கமிட்டிதானே? நல்லாப் பேசுங்க."

செயலாளர் அழைப்பிதழை மேசையில் வைக்கப் போனார். அவள் அதை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். அவர் ஷூவில் காலை நுழைக்கும்வரை வாசலில் நின்றாள். அவர் படியிறங்கியதும் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.