ஆறு இருபதுக்கு, கவருக்குள்ளே

நம்பாதவங்க வடக்கனந்தலுக்கு வாங்க, ஷெட்டைத் திறந்தே காட்டுறேன். கூட மட்டும் உள்ளே வரமாட்டேன்.

புது கார் வாங்கி ஆறாவது நாள். ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் விடும்போது, நானே நின்று கட்டின தூணில் நானே உரசினேன். இடது பின்கதவில் ஒரு முழத்துக்குக் கோடு. எனக்குக் கார் ஓட்ட வராது என்று என் மனைவி ஜூலியா பல வருஷமாகச் சொல்லிக்கினு இருக்கிறாள். அதை நிரூபிக்கவே காசு போட்டுக் கார் வாங்கின ஆள் நான். அவள் பார்ப்பதற்குள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு கார் கவர் வாங்கி வந்து மூடிவிட்டேன்.

“ஷெட்டுக்குள்ள இருக்குற வண்டிக்கு எதுக்குங்க போர்வை? குளிருதாமா?”

“எலி வருது.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு இருபது. பக்கத்து வூட்டு பூமாலை ஓடி வந்தான்.

“கொளஞ்சிக்கு நெஞ்சு வலிண்ணா. காரை எடுங்கண்ணா.”

கொளஞ்சியம்மாள் அவன் பெண்டாட்டி. எனக்குப் பக்கத்தில் ஜூலியா நின்றிருந்தாள். கவரை எடுத்தால் கோடு தெரிந்துவிடும்.

“பேட்டரி டவுன்டா,” என்றேன்.

எப்படியும் ஒரு ஆட்டோ கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் செத்துப்போனாள்.

புதன்கிழமை அடக்கம். முன்வரிசையில் நின்று நான்தான் ஜாஸ்தி அழுதேன்.

வியாழக்கிழமை ஆறு இருபது. பூட்டின ஷெட்டுக்குள் சத்தம்.

டப்... டப்...

எலிதான் என்று நினைத்தேன். பொய்க்குச் சொன்ன எலி நிஜமாகவே வந்துவிட்டது போல.

வெள்ளி. அதே ஆறு இருபது. திறந்து பார்த்தேன். காற்றே இல்லை. பின்கதவுப் பக்கம் கவர் மட்டும் உள்ளே போனது... வெளியே வந்தது... உள்ளே... வெளியே...

தொட்டேன். சூடு. ஈரம்.

சனிக்கிழமை ஜூலியாவும் கூட வந்தாள்.

டப்... டப்... டப்...

கவரைப் பிடித்து இழுத்தேன்.

சத்தம் நின்றது.

கார் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில். பின்கண்ணாடி முழுக்க மூச்சுப்புகை. அதில் ஒரு உள்ளங்கை... ஐந்து விரல்.

துடைத்தேன். போகவில்லை.

உள்பக்கம்.

ஜூலியா கதவுக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதுக்கா?”

அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

கொளஞ்சி சாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஆறுதல்தான். விதி என்றார்கள். பாதிரியார் ஆண்டவர் சித்தம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூமாலையிடமே போனேன். கோட்டைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன். கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.



“ஆம்புலன்சு வெள்ளிமலைக்குப் போயிருந்திச்சு. ஆட்டோ வர நாப்பது நிமிசம். கொளஞ்சிய வாசல்லதான் படுக்க வெச்சிருந்தேன். அது என்னாமோ உங்க கார்ல ஏறிட்டதாவே நெனச்சிக்கினு இருந்திச்சுண்ணா. ‘மேல துணி போட்டு மூடியிருக்குது, மூச்சு முட்டுது, அண்ணன எடுக்கச் சொல்லு’ன்னு கையால தட்டிக்கினே இருந்திச்சு.”

அன்றைக்கு ஷெட் பூட்டியே கிடந்தது. கவர் போட்டது ஜூலியாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

“பூமாலை... அன்னிக்கி நான் வண்டிய எடுத்திருந்தா?”

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“பொழச்சிருக்கும்ணா.”