என் குதிகாலில் எடுத்த மின்சாரம்

இந்த ஊரில் நான் நடந்தால் மின்சாரம் வருகிறது. விருதுநகரில் அறுபது வருஷம் நடந்தேன், ஒரு விளக்கும் எரியவில்லை. கரண்ட் போனால் விசிறியோடு உட்கார்ந்தோமே தவிர, இந்தக் கிழவியை நாலு தெரு நடக்கவிடலாம் என்று ஊர்க்காரர்கள் உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கு நான் கோலாலம்பூர் வர வேண்டியிருந்தது.

என் மகள் செல்வி பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சப்பாத்து என்று இங்கே சொல்கிற ஷூவின் குதிகாலுக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. மிதிக்க மிதிக்கக் காந்தம் ஆடும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். அதை வைத்து, நடப்பவர் எங்கே இருக்கிறார் என்று கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். வழி தவறும் வயசானவர்களுக்காம். நான் வழி தவறியவள் இல்லை. ஆனால் வயசானவள் வீட்டிலேயே கிடைக்கும்போது வெளியே ஏன் தேடுவார்கள்? ஆராய்ச்சியை நடத்தும் குழு பார்த்துத் திருப்தியானால்தான் செல்விக்கு இங்கே வேலை பார்க்கும் பெர்மிட் நீளும். இல்லையென்றால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் நடைதான் அவர்களுக்குப் போதவில்லை. செல்வியின் மேலதிகாரி மலாய்க்காரப் பெண்மணி, நல்ல மாதிரி. "மக்சிக், லாஜு சிகிட்" என்றார். மக்சிக் என்றால் பெரியம்மா; கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டுமாம்.

"கல்யாண வீட்டுக்கே நான் வேகமா போனதில்லைன்னு சொல்லுடி" என்றேன். செல்வி என்ன மொழிபெயர்த்தாளோ, அந்தம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அந்த நாளும் வந்தது. குழு ஆராய்ச்சிக்கூடத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருக்க, நான் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டிலிருந்து கிளம்பினேன். வழியில் கோயில். அதைத் தாண்டிப் போகிற வழக்கம் எனக்கில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, பெர்மிட்டுக்காகத்தான், ஓர் அர்ச்சனை செய்தேன். குழு காத்திருக்கிறது என்று அர்ச்சகரைப் பாதியில் நிறுத்தவா முடியும்? வெளியே வந்தால் சப்பாத்தைக் காணோம்.

"ஒரு அக்கா போட்டுக்கிட்டு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் வெரசா போனாங்க ஆன்டி. உங்க மருமகள்னு நெனச்சேன் லா" என்றாள் பூக்காரி.

எனக்கு மருமகளும் இல்லை, மாற்றுச் சப்பாத்தும் இல்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு வீடு வந்தேன். கால் எரிந்தது பெரிதில்லை. மகளின் பிழைப்பைக் கோயில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டேனே என்பதுதான் எரிந்தது.

சாயங்காலம் செல்வி வந்தாள். "கோயில்ல புள்ளி அசையவே இல்லம்மா. சரி, போச்சுன்னு நெனச்சேன். திடீர்னு கெளம்புச்சு பாரு ஒரு வேகம், எல்லாரும் கைதட்டிட்டாங்க."

"நீயுமா தட்டுன?"

"எங்கம்மா நடை எனக்குத் தெரியாதா? இது வேற யாரோன்னு சொல்லிட்டேன். குழுத் தலைவர் சிரிச்சுட்டார். யார் கால்ல வந்தா என்ன, மின்சாரம் வந்துச்சுல்லன்னார். பெர்மிட் நீட்டுறாங்கம்மா."

ஆக, என் மகளின் பெர்மிட்டுக்கு நான் ஒரு திருடிக்கு அர்ச்சனை செய்ய வேண்டும்.

செல்வி திரையை என் பக்கம் திருப்பினாள். திருடி ரயிலில் உட்கார்ந்திருந்தவரை மிதியில்லாமல் நின்றிருந்த புள்ளி, ஒரு மணி நேரத் தொலைவில் கிள்ளானில் மறுபடி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே என் பெயர். ரேஷன் கார்டில் நான் விருதுநகரில் இருக்கிறேன், விசாவில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன், திரையில் கிள்ளானில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறேன். வாளித் தண்ணீரில் காலை ஊறவிட்டபடி, நான் அடுத்து எந்தத் தெருவில் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.