சித்திக்கு அருந்ததி தெரிந்த மாலை

ஹைஸ்கூலைக்கூட நான் முடிக்கவில்லை. இன்று அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊரில் மூன்று மளிகைக் கடைகளுக்கு முதலாளி. ஆனால் ஒன்பது வயதிலேயே கோணிப்போன ஒரு கல்யாணத்தை நிமிர்த்திக் காட்டியவள் நான். அந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் கடையெல்லாம் ஒன்றுமே இல்லை.

கல்யாணம் இங்கேதான், என் சித்திக்கு. அவளுக்கு எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டுல கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கற வழக்கம் இல்லைங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், சித்தியைத் தவிர.

தாலி கட்டியதும் ஐயர் அவளை ஹாலுக்கு வெளியே கார் பார்க்கிங்கில் நிறுத்தி, வெட்டவெயிலில் வானத்தைக் காட்டினார். "அருந்ததி தெரியறதாம்மா?"

எந்தக் கல்யாணப் பெண்ணும் 'தெரியுது' என்பாள். சித்தி, "தெரியலைங்க" என்றாள். ஐயர் மறுபடி கேட்டார். மறுபடியும் தெரியலை. மாப்பிள்ளை வீட்டார் முகங்கள் சுண்டிப்போயின. "பிடிவாதக்காரப் பொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது.

நான் சும்மா இருப்பேனா? விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அமெரிக்க ஆன்ட்டியைப் பிடித்தேன். சான் ஹொசே மலைமேல் இருக்கும் பெரிய டெலஸ்கோப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதே ஆயுசு முழுக்க அவர் உத்தியோகம். பொழுது சாய்ந்ததும், ரிசப்ஷன் நடக்கும்போது, சொந்த டெலஸ்கோப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அருந்ததி பக்கம் திருப்பி வைத்தார்.

பட்டுப்புடவைகள் வரிசை கட்டின. சித்தி கண்ணை எடுக்காமலே, "இப்பத் தெரியுது" என்றாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "அருந்ததி பக்கத்துல வசிஷ்டர் நட்சத்திரமே ரெண்டா இருக்கே" என்றார். கடைசியாக அவர் அம்மா பார்த்தார். பிறகு என்னிடம், "ராத்திரியெல்லாம் இதையே பாத்துட்டிருந்தா வீட்டை ஆரு பாத்தாங்கன்னு கேளு கண்ணு" என்றார்.

அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்து, நானே ஆன்ட்டியிடம் இங்கிலீஷில் கேட்டேன். ஆன்ட்டி நிதானமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அந்த டெலஸ்கோப்பைத் தர மாட்டார்களாம். கணவர் பேரில் அனுமதி வாங்கி, அவருக்கு உதவியாள் என்று மலையேறுவாராம். கணவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவார். விடிய விடியப் பார்த்து அளந்தது இவர். தன் பேரில் ஒரு கட்டுரை அச்சாவதற்குள் தலை நரைத்துவிட்டதாம்.

இத்தனையும் தமிழில் சொன்னால் காரியம் ஆகாது என்று எனக்குப் பட்டது. ஒரே போடாகப் போட்டேன்: "மருமகளைப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அருந்ததியே வந்து உக்காருவாளாம். ஆன்ட்டி சொல்றாங்க."

அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் வீட்டு ஆண்கள் பக்கம் திரும்பினார். "இத்தனை படிச்சவங்களே சொல்லும்போது நாம தடுக்கலாமுங்களா? அவ படிக்கட்டும்."

சித்தி எம்.எஸ். முடித்தாள், டாக்டர் பட்டமும் வாங்கினாள். எல்லாம் என் வாய்ச் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பட்டத்துக்கு நடந்த விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா மைக்கை வாங்கி, எங்கும் தடுமாறாமல், அழகான இங்கிலீஷில் பேசினார். கோயம்புத்தூர் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவராம், கல்யாணத்தோடு நிறுத்திவிட்டார்களாம். நான் கையில் ஜிலேபியோடு அப்படியே நின்றேன். ஆன்ட்டி அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாமல் போயிருக்காது.