பெண் பார்க்கப் போன கேத்தல்

என் மைத்துனன் அழகனைப் போல ஒரு நல்ல பையன் ஹட்டன் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். அப்படியிருந்தும் முப்பத்திரண்டு வயதுவரை அவனுக்குப் பெண் அமையவில்லை. காரணம், அவன் காற்சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும், வோல்டேஜ் அளக்கிற சின்ன மீட்டர். கரண்டு சாமான்கள் விற்று, பழுதும் பார்க்கிற கடை அவனுடையது. வலப்பனையில் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுப் பிளக்கைப் பார்த்தான். "வயரிங் சரியில்லீங்க, வீடு பத்திக்கும்" என்றான். நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் பேசுகிற பேச்சா இது? சம்பந்தம் அன்றோடு சரி.

அடுத்து உடப்புசல்லாவையில் சுதர்ஷினி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சயன்ஸ் டியூஷன் எடுப்பவள். அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்க வந்து மீட்டர எடுத்தே, நான் ஒனக்கு மச்சானே இல்ல" என்றேன். தலையாட்டினான். அன்பளிப்பாகக் கடையிலிருந்து ஒரு புதுக் கரண்டுக் கேத்தலை எடுத்துக்கொண்டான்.

கேத்தலைக் கையில் கொடுத்ததும் பெண்ணின் தாய் பேச்சியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இதுலயே தேத்தண்ணி போட்டுர்றேன் தம்பி" என்று தண்ணீர் நிரப்பி எங்கள் முன்னாலேயே பிளக்கில் சொருகினார்.

தோட்ட வேலை விட்டுச் சனங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பியிருந்த நேரம். எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஓடியது. கேத்தல் முனகியதே தவிர கொதிக்கவில்லை. முறுக்குத் தட்டு காலியானது. பேச்சும் தீர்ந்தது. பேச்சியம்மா கேத்தலைத் தொட்டுப் பார்த்தார்.

"கடையில போகாத சாமானத் தள்ளிவிட்டுட்டீங்களா தம்பி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அழகனின் கை பைக்குள் போனது. நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். மிதிபட்ட காலோடு எழுந்து போய்ப் பக்கத்துப் பிளக்கில் மீட்டரை வைத்துவிட்டான், பாவி.

"இருநூத்தி முப்பது வோல்ட் வரணும். எல்லா வீட்டுலயும் குக்கர் ஓடுது, நூத்தம்பதுதாங்க வருது. இது ரெண்டாயிரம் வாட் கேத்தல். வோல்டேஜ் மூணுல ஒரு பங்கு கொறைஞ்சா வாட்டும் மூணுல ஒரு பங்கு கொறையும். ஆயிரத்தி முந்நூறு வாட் இருக்கும்."

"அது தப்புங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். திரையை விலக்கிக்கொண்டு சுதர்ஷினி வந்தாள். "கேத்தலோட தடை மாறாது, இருபத்தாறு ஓம் சொச்சம். வோல்டேஜ் கொறைஞ்சா ஓடுற கரண்டும் கொறையும். நூத்தம்பத தடையால வகுத்துப் பாருங்க, அஞ்சரை அம்பியருக்குக் கொஞ்சம் மேல வரும். அதை வோல்டேஜால பெருக்கினாத்தான் வாட்."

தொலைந்தது என்று நினைத்தேன். கடையில் எஞ்சினியரே வந்து சொன்னாலும் விட்டுக்கொடுக்காதவன் இவன். விரலை மடக்கி, உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஆமாங்க! எண்ணூத்தம்பதுதான் வருது. பாதிகூட இல்ல, அப்புறம் எப்படிக் கொதிக்கும்? நான் சொன்னதுதான் தப்பு!"

என்னவோ பரிசு விழுந்தவன் மாதிரி சத்தமாகச் சொன்னான். எனக்கு மானம் போயிற்று.

தாயும் மகளும் உள்ளே போனார்கள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. குசுகுசுத்தாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

"என்னடி சொல்றது இவங்களுக்கு?"

"தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிற ஆம்பளைய இந்தத் தோட்டத்துல நான் பாத்ததே இல்லம்மா. கேத்தல வேணும்னா திருப்பிக் குடுத்துரு. ஆளு இருக்கட்டும்."