பாந்தித்லான் நிலையத்தில் இரண்டு கடிகாரங்கள்

விமான நிலையத்துப் பெண்கள் கழிப்பறையில் என்னோடு தரை துடைப்பவள் குக்கா. கணீர்க் குரல். அவள் காதோடு காதாகச் சொன்னாலும் அடுத்த மாடிக்குக் கேட்கும். கொஞ்சம் வாயை அடக்கடி என்று நான் திட்டாத நாளில்லை.

அவளுக்கு ஒரே மகன், எலேயாசர். மாமூல் கேட்டு வந்த கும்பலில் ஒருவனைப் போலீசில் காட்டிக்கொடுத்துவிட்டு, உயிருக்குப் பயந்து அமெரிக்காவுக்கு ஓடியவன். கும்பல் அதை மறக்கவில்லை. இப்போது அமெரிக்காக்காரன் அவனைப் பிடித்து, எங்கள் மெக்சிகோ நகரத்துக்கே விமானம் ஏற்றிவிட்டான். ஏற்றுவதற்கு முதல் நாள், அங்கே காவலில் இருந்து மகன் போன் பண்ணினான். குக்கா மாடிப்படியில் நின்று, குடியிருப்பே கேட்கும்படி கத்தினாள்.

"டாக்ஸில ஏறாதடா. அவன் யாரோட ஆளுன்னு யாருக்குத் தெரியும்? மெட்ரோல கூட்டத்தோட கூட்டமா வா. பாந்தித்லான், கடைசி ஸ்டேஷன். கடிகாரத்துக்குக் கீழ நில்லு, நான் வந்துடறேன்."

எங்கள் ஊரில் யார் யாரைச் சந்திப்பதென்றாலும் மெட்ரோ கடிகாரத்துக்குக் கீழேதான்.

மறுநாள் மதியம் அவள் போய்க் கடிகாரத்தடியில் நின்றாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் பூசணி விதையைக் கொறித்துத் தோலைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தான். வண்டிகள் காலியாக வந்தன, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. இறங்குவார் யாருமில்லை. அப்போதுதான் குக்காவுக்கு உறைத்தது. இது ஏறுகிற நடைமேடை. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் எதிர் மேடையில் இறங்குவார்கள். அங்கேயும் ஒரு கடிகாரம் உண்டு. தினமும் காலையில் வேலைக்கு ஓடும்போது இந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடிகாரம் என்றாலே இதுதான் என்று நினைத்துவிட்டாள். சாயங்காலம் வந்து இறங்கும்போது யார் மணி பார்க்கிறார்கள்?

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"என்ன தாயி, கிளம்பிட்டீங்க?" என்றான் தொப்பிக்காரன்.

"வேலைக்குப் போறேன். நீ யாருக்காக நிக்கறே?"

"ஏர்போர்ட்ல இருந்து ஒருத்தர் வர்றாரு. கடிகாரத்துக்குக் கீழன்னு சொன்னாங்க." சிரித்தான். "அம்மா நிக்கற இடத்துக்குப் பிள்ளை வராம போயிடுமா?"

மாடிப்படியில் தான் கத்தியது யார் காதுவரை போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எதிர் மேடைக்குப் போனால் இவனும் பின்னாலேயே வருவான். இங்கேயே நின்றால், தேடிக்கொண்டு மகன் வந்துவிடுவான்.

அடுத்த வண்டி வந்தது. முன்பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். குக்கா எப்போதும் அதில்தான் ஏறுவாள். அன்று பின்னால் நடந்து பொதுப்பெட்டியில் ஏறினாள், அவன் கூடவே வரவேண்டும் என்று. வந்தான். அவள் பிடித்த கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க இறங்கப் போறீங்க தாயி?"

"கக்கூஸ் கழுவப் போறேன். கூட வந்து கழுவறியா?"

கழிப்பறை வாசல்வரை வந்தான். உள்ளே வர முடியாதே. குக்கா என் கையைப் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சபேலா, பின்வழியா நீ போ. இறங்கற மேடைல நிப்பான். ஒஹாகாவுக்கு, உன் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏத்திவிடு."

"உன்னைக் கேட்டா?"

"வேலை இருக்கு, வர முடியலன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எலேயாசர், காவலில் கயிறு பிடுங்கப்பட்ட ஷூவோடு, பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு கடிகாரத்தடியில் நின்றிருந்தான். அம்மாவின் அதே மூக்கு.

"அம்மா எங்க?"

சொன்னதைச் சொன்னேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு வர்றேன். ஒரு நாள் லீவு போட முடியலையா அவளுக்கு?" என்றான். பஸ் ஏறும்போது திரும்பியும் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது தொப்பிக்காரன் வாசலில் அப்படியே நின்றான், காலடியில் விதைத்தோல் குவிந்திருந்தது. உள்ளே குக்கா துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னான்?"

"உன்மேல ரொம்பக் கோவமா போறான்."

"இருக்கட்டும்," என்றாள். "கோவம் இருக்கறவரைக்கும் என்னைப் பாக்க வரமாட்டான்."